1941இல் கிள்ளான் எழுதிய பட்டியல்

1941ஆம் ஆண்டு மலாயாவின் கிள்ளான் வட்டாரத் தோட்டப் பாட்டாளிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சீனத் தொழிலாளர்களுக்கு இணையான கூலி, பிள்ளைகளுக்குப் படிப்பு, முறையான மருத்துவம் கேட்டார்கள். துரை எதிரே வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும் என்றார்கள். கள்ளுக்கடைகளை மூடச் சொன்ன கோரிக்கையும் அதே பட்டியலில்தான் இருந்தது. தலைவர் ஆர்.எச்.நாதனை மே மாதம் கைது செய்து நாடு கடத்தினார்கள். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் போயின. அந்தப் பாட்டாளிகள் அறிந்திருந்த ஓர் உண்மையை எண்பது ஆண்டுகள் கழித்து நாம் மறந்து நிற்கிறோம். குடியைத் தனி மனிதனின் ஒழுக்கக் கேடு என்று அவர்கள் ஒதுக்கி வைக்கவில்லை. குறைந்த கூலியும் படிப்பில்லாமையும் அவமானமும் விளையும் மண்ணில்தான் அதுவும் விளைகிறது என்று கண்டு, எல்லாவற்றையும் சேர்த்தே தீர்க்கச் சொன்னார்கள். இன்றைய இளைஞர்களின் போதைப் பழக்கத்தையும் அந்தக் கண்ணோடு பார்த்தால்தான் வழி பிறக்கும்.

கள் இருந்த இடத்துக்குச் சம்சு என்ற மலிவு மது வந்தது, பிறகு கஞ்சாவும் சியாபு எனப்படும் மெத்தாம்பேட்டமைனும் வந்தன. தோட்டங்களும் மறைந்தன. சீபீல்டு தோட்டம் சுபாங் ஜெயாவானது. சுங்கை ரெங்கம் தோட்டத்தில் ஷா ஆலம் எழுந்தது. பெராங் பெசார் தோட்டம் புத்ராஜெயாவானது. தோட்ட வாழ்க்கையில் வறுமையும் அடக்குமுறையும் மலிந்திருந்தன. ஆனாலும் லயம், கோயில், தமிழ்ப்பள்ளி, பந்தாடும் திடல் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருந்தன, வழி தவறும் பையனை “நீ யார் வீட்டுப் பிள்ளை?” என்று நிறுத்திக் கேட்க ஆள் இருந்தது. மலிவுவிலை அடுக்குமாடிக்குக் குடிபெயர்ந்த குடும்பத்துக்கு அந்த உறவு வட்டம் கூடவே வரவில்லை. அப்பா லோரியில், அம்மா தொழிற்சாலையின் இரவு வேலையில். பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம்.மில் சறுக்கிய பதினேழு வயதுப் பையன் மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறான். கால்சட்டைப் பையில் அடங்கும் சம்சு பாட்டில், ஒரு வேளைச் சாப்பாட்டுக் காசுக்குள், மளிகைக் கடைகளிலேயே நெடுங்காலம் கிடைத்தது. மது வாங்கும் வயதை அரசு 21 ஆக உயர்த்தியது 2017 டிசம்பரில்தான். சியாபு விற்பவனுக்கு அந்தக் கட்டுப்பாடும் இல்லை. உள்துறை அமைச்சு 2013இல் 49 குண்டர் கும்பல்களின் பெயர்களை வெளியிட்டது. இத்தகைய கும்பல் பையனுக்கு முதலில் கொடுப்பது போதையை அல்ல. ஓர் அண்ணனை, ஒரு வேலையை, ஒரு பெயரைக் கொடுக்கிறது. போதை பின்னால் வருகிறது.

அதே அடுக்குமாடியில் வளர்ந்து பட்டதாரியானவர்கள் இல்லையா, வறுமையைச் சாக்குச் சொல்லலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். சூழல் எவரையும் கையைப் பிடித்து இழுத்துப் போவதில்லை. பொறுப்பு தனி மனிதனுக்கும் உண்டு. ஆனால் வழுக்கும் தரையில் பத்துப் பேர் நடந்து இருவர் விழுந்தால், விழாத எட்டுப் பேரைக் காட்டித் தரை சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. இது இந்தியர்களின் வியாதி என்ற பேச்சும் தவறு. போதைப்பொருள் எதிர்ப்பு நிறுவனமான ஏஏடிகேயின் கணக்கில் எல்லா இனத்தவரும் இருக்கிறார்கள், பெரும்பான்மையினர் மலாய்க்காரர்கள். வசதியான வீட்டுப் பிள்ளைகளும் போதையில் விழுகிறார்கள். வித்தியாசம் எழுந்திருப்பதில் இருக்கிறது. வசதியுள்ள பிள்ளைக்கு வழக்கறிஞரும் தனியார் சிகிச்சையும் கிடைக்கின்றன; அடுக்குமாடிப் பையனுக்கு லாக்கப் கிடைக்கிறது. 1952ஆம் ஆண்டு அபாயகரப் போதைப்பொருள் சட்டத்தின் 15ஆவது பிரிவில், போதைப்பொருளை உட்கொண்டதற்கு மட்டுமே 5,000 ரிங்கிட் வரை அபராதமோ இரண்டாண்டு வரை சிறையோ உண்டு. குற்றப் பதிவோடு வருபவனுக்கு வேலை கொடுக்கத் தயங்குகிறார்கள். வேலையில்லாதவனுக்கு மிஞ்சுவது பழைய மாடிப்படியும் பழைய கூட்டாளியும்தான். விளைவே மறுபடி காரணமாகிவிடுகிறது.

சட்டம் இளகினால் பயம் போய்விடுமே என்பது அடுத்த வாதம். அதற்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. ‘லான்செட் குளோபல் ஹெல்த்’ ஆய்விதழில் வந்த மலேசிய ஆய்வு ஒன்று, ஹெராயின் போன்ற அபினி வகைப் போதைக்கு அடிமையானவர்களைப் பின்தொடர்ந்தது. கட்டாயத் தடுப்பு மையத்திலிருந்து வெளிவந்தவர்களில் பாதிப் பேர் 31 நாளுக்குள் பழைய பழக்கத்துக்குத் திரும்பினார்கள். தாமாக முன்வந்து மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேர் திரும்ப 352 நாள் ஆனது. சியாபுவுக்கு மெத்தடோன் மருந்தாகாது என்பது உண்மை. ஆனால் தானாகக் கதவைத் தட்டி வருபவனைக் கைவிலங்கு வரவேற்கக் கூடாது என்ற பாடம் எல்லாப் போதைக்கும் பொருந்தும். விருப்பச் சிகிச்சைக்கான ‘கியூர் அண்ட் கேர்’ மையத்தை 2010இல் சுங்கை பெசியில் ஏஏடிகேயே திறந்தது. பாதை தெரியாமல் இல்லை. விற்பவனைப் போலீஸ் துரத்தட்டும். விழுந்தவனை மருத்துவரிடம் விடுங்கள்.

நம் சமூகத்துக்கும் பங்கு உண்டு. விழிப்புணர்வுக் கூட்டமும் உறுதிமொழியும் ஏற்கெனவே கட்டுப்பாட்டோடு இருக்கும் பிள்ளையைத்தான் எட்டுகின்றன. படிப்பைப் பாதியில் விட்டவனுக்குத் தொழிற்பயிற்சி, இரவு பத்து மணி வரை விளக்கெரியும் ஒரு திடல், மீண்டு வந்தவனுக்கு பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் கடைத்தெருக்களில் ஒரு வேலை: நாம் கேட்கவும் கொடுக்கவும் வேண்டியவை இவை. கள்ளுக்கடையை மூடச் சொன்னவர்கள் அதோடு நிறுத்திக்கொள்ளாமல் கூலியையும் பள்ளியையும் மரியாதையையும் சேர்த்துக் கேட்டார்கள். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்காக நாம் அந்தப் பட்டியலில் ஒரு வரியை மட்டும் படித்துக்கொண்டிருக்கிறோம்.