ஒரு நாளில் இரு கொடிகள்

கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிக்கு என்னை முதன்முதலாக அழைத்துச் சென்றவர் என் மூத்தம்மா. அட்டாளைச்சேனையில் பஸ் ஏறினால் பாலமுனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போகும். எனக்கோ அவ்வூர்களில் நாட்டமில்லை. மினாராவில் ஏறப்போகும் கொடியும், மணலில் கடை விரித்து விற்கும் மிட்டாயுமே என் சிந்தையை நிறைத்திருந்தன. பள்ளியினுள்ளே போர்வை போர்த்திய அடக்கத்தலத்தைக் கண்டு, "இதுக்குள்ள ஆர் இருக்கிற மூத்தம்மா?" என்று கேட்டேன். "ஒருத்தரும் இல்ல மகன். ஆண்டவர் நாகூரில இருக்கார். இஞ்ச அவர்ர பேர் இருக்கு" என்றார் அவர்.

வெறும் பெயருக்கு ஆண்டுதோறும் பன்னிரண்டு நாள் விழாவா என்ற வியப்பு அன்று தொடங்கியது. பெயருக்கு உரியவர் இருக்கும் ஊரை ஒருமுறையேனும் காணவேண்டும் என்ற ஆவலும் அன்றே பிறந்தது. மூத்தம்மாவின் தலைமுறையில் தலைமன்னாரில் கப்பலேறித் தனுஷ்கோடியில் இறங்கி நாகூர் சென்று வந்தோர் உண்டு. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை விழுங்கியது. பின்னர் எங்கள் நாட்டில் போர் வந்து எஞ்சிய கடல்வழியையும் அடைத்தது. ஆதலால் நான் நாகூரைக் காணும் பேறு 2020 ஆம் ஆண்டு ஜனவரியில்தான் வாய்த்தது. கொழும்பிலிருந்து திருச்சிக்கு ஆகாய விமானத்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து தஞ்சை, திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக பஸ்ஸில் அரை நாள். கடலைத் தாண்டுவதைவிடச் சோழ நாட்டைத் தாண்டுவதுதான் நெடும் பயணமாயிற்று.

ஜனவரி 26 ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை. இந்தியாவின் அரசியல் சாசனம் 1950 இல் நடைமுறைக்கு வந்த நாள். காலையில் தேநீர் அருந்தலாமென்று வெளியே வந்தவன், ஒரு சிறு பள்ளிக்கூடத்தின் வாயிலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பதைக் கண்டு நின்றுவிட்டேன். கயிற்றை இழுத்ததும் மடிப்பு அவிழ்ந்து, உள்ளே பொதிந்திருந்த பூவிதழ்கள் பிள்ளைகளின் தலைமேல் உதிர்ந்தன. அவர்கள் நாட்டுப் பண்ணைப் பாடினார்கள். நானும் நிமிர்ந்து நின்றேன். ஆனால் அந்த நிமிர்வில் விருந்தினனுக்குரிய மரியாதை இருந்ததே தவிர உரிமை இல்லை.

பெரியவர் ஒருவர் சாசனத்தின் முகப்புரையைத் தமிழில் உரக்கப் படித்தார். அவர் குரல் இடையில் ஒருமுறை தடுமாறிற்று. அது 2019 டிசம்பரில் நிறைவேறிய குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை எதிர்த்து இந்தியாவெங்கும் மக்கள் தெருவில் கூடியிருந்த காலம். பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், பங்களாதேஷ் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து வந்த முஸ்லிம் அல்லாதாருக்கு மட்டுமே அச்சட்டம் வழி திறந்தது. இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்த எங்கள் நாட்டுத் தமிழர்க்கும் அதனால் பயன் இல்லை. மிட்டாயை என் கையில் வைத்த பெரியவர், நான் எவ்வூரினன் என்று அறிந்ததும், "உங்க கொடியில நமக்கு இடம் உண்டா நானா?" என்று கேட்டார்.

உண்டு என்றேன். சிங்கக் கொடியின் ஓரத்தில் பச்சை நிறத்திலொன்றும் செம்மஞ்சள் நிறத்திலொன்றுமாக இரு பட்டைகள் இருக்கின்றன. பச்சை முஸ்லிம்களுக்கும் செம்மஞ்சள் தமிழருக்கும் உரியவை. வகுப்பறையில் எத்தனையோ முறை கேட்ட விளக்கம் அது. அன்று அதனைச் சொல்லும்போது நாவு கூசியது. 2019 ஏப்ரல் 21 ஆம் தேதிக் குண்டுவெடிப்புகளும், ஐந்து நாள் கழித்துச் சாய்ந்தமருதில் நடந்தேறிய கொடுமையும் எங்கள் கரையோர ஊர்கள்மீது ஒரு கறுத்த நிழலைப் போட்டிருந்தன. சிலர் செய்த பாதகத்திற்கு ஊரார் அனைவரும் விளக்கம் சொல்லவேண்டிய நிலை. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது, என் பெயரை வாசிப்பவரின் முகத்தை வாசிக்க நானும் பழகிவிட்டிருந்தேன்.

மாலையில் பிறை கண்டார்கள். ஜமாதுல் ஆகிர் பிறந்தது. நாகப்பட்டினத்திலிருந்து கொடி ஊர்வலம் வருகிறது என்றதும் ஊரே தெருவுக்கு வந்துவிட்டது. நகரா மேடை, சாம்பிராணிச் சட்டி ரதம், செட்டிப் பல்லக்கு என்று ஊர்திகள் வந்தன. அவற்றினிடையே விளக்குகள் மின்னக் கப்பல்கள் வந்தன! தெருவில் மிதந்து வரும் கப்பல்களைக் கண்டதும் நான் சிறுவனாகிவிட்டேன். ஷாஹுல் ஹமீது வலியுல்லாஹ் முகம் மழித்துக்கொண்டிருக்கையில், நடுக்கடலில் ஓட்டை விழுந்து தத்தளித்த கப்பலைத் தம் ஞானக்கண்ணால் கண்டு, நாவிதரின் கையிலிருந்த கண்ணாடியை வீசி எறிந்து அந்தத் துளையை அடைத்தாரென்பது மரபுக் கதை. கடலோடிகள் அவரைக் காவலராகக் கொண்டதில் வியப்பென்ன? அவர்கள் போன துறைகளிலெல்லாம் அவர் பெயரும் போயிற்று. பினாங்கில் ஒரு நாகூர் தர்கா. சிங்கப்பூரில் 1828 க்கும் 1830 க்கும் இடையில் எழுந்த இன்னொன்று. எங்கள் கல்முனைக்குடியிலும் ஒன்று.

தர்காவின் ஐந்து மினாராக்களில் பெரியது 131 அடி உயரம். அதனைக் கட்டுவித்தவர் தஞ்சையை 1739 முதல் 1763 வரை ஆண்ட மராட்டிய மன்னர் பிரதாபசிங். இந்து அரசர் ஒருவர் எழுப்பிய மினாராவில் முஸ்லிம்கள் கொடியேற்ற, கீழே நிற்கும் கூட்டத்தில் யார் எவர் என்று பிரித்தறிய இயலவில்லை. எனக்கு முன்னால் நின்ற மீனவப் பெண் ஒருத்தி, நெற்றியில் திருநீறும் கையில் தகட்டில் செய்த சிறு படகுமாக இருந்தாள். ஐந்து மினாராக்களிலும் கொடிகள் ஏறின, விளக்குகள் ஒருசேர எரிந்தன, வாணங்கள் வெடித்தன. அவள் அந்தத் தகட்டுப் படகை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். காலையில் நின்ற விருந்தினன் அங்கே இல்லை. அந்தக் கொடியை நான் அறிவேன்; ஐந்து வயதில் வாப்பாவின் தோளிலிருந்து அதனைப் பார்த்திருக்கிறேன்.

கூட்டம் சற்றுக் கலைந்தபின் அந்தப் பெண்ணோடு பேசினேன். "சுனாமியில வீட்டுக்காரர் போயிட்டார். பிள்ளை கடலுக்குப் போறான். அவனுக்காகத்தான் ஐயா இது" என்றாள். 2004 டிசம்பர் 26 ஆம் தேதி நாகை மாவட்டத்தில் மாண்டவர் 6,000 பேருக்கு மேல். எங்கள் அம்பாறை மாவட்டத்தில் 10,000 பேருக்கு மேல். தமிழகத்தில் மிக அதிகமாக இழந்தது அவர்கள் கரை. இலங்கையில் மிக அதிகமாக இழந்தது எங்கள் கரை. கல்முனையின் பெயரைச் சொன்னேன். அவள் அதனை அறிந்திருந்தாள். அந்த நாட்களில் வானொலியில் கேட்டாளாம்.

இடைப்பட்ட நாட்களைப் பற்றி விரிவாக எழுத என்னிடம் அதிகமில்லை. கூட்டம், தூசி, நல்ல சோறு, தூக்கமின்மை. ஆயினும் ஒன்றைச் சொல்லாமற்போனால் நேர்மையாகாது. கந்தூரியும் கொடியும் மார்க்கத்தில் இல்லாதவை என்று வாதிப்போர் அங்கும் உளர், எங்கள் ஊரிலும் உளர். என் மருமகன் அவர்களுள் ஒருவன். நான் புறப்பட்டபோது அவன் வழியனுப்ப வரவில்லை. அவனுடைய கல்வியை நான் மதிக்கிறேன். அவன் எடுத்துக்காட்டும் ஆதாரங்களுக்கு என்னிடம் மறுமொழி இல்லை. ஆனால் அந்த மீனவப் பெண்ணோடு ஒரே முற்றத்தில் நிற்க எனக்கு வேறோர் இடத்தை அவன் காட்டியதில்லை.

பெப்ரவரி 4 ஆம் தேதி இரவு சந்தனக்கூடு. நாகப்பட்டினத்தில் அபிராமி அம்மன் திருவாசல் அருகிலிருந்து ஊர்வலம் புறப்படும். தமிழ்நாடு அரசு வழங்கும் சந்தனக் கட்டைகளை அரைத்து, குடங்களில் நிரப்பி, கூட்டில் ஏற்றி, விடியற்காலையில் நாகூருக்குக் கொண்டுவந்து அடக்கத்தலத்தில் பூசுவார்கள். அதே பெப்ரவரி 4 எங்கள் சுதந்திர தினம் என்பது நாகையில் ஒரு தேநீர்க் கடையில் நிற்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. கைபேசியைத் திறந்தேன். ஆசிரிய நண்பர் ஒருவரின் செய்தி வந்திருந்தது: "இவ்வருடம் தமிழில் பாடவில்லை."

2016 முதல் 2019 வரை, நான்கு ஆண்டுகள், கொழும்பில் நடந்த சுதந்திர தின வைபவத்தில் தேசிய கீதம் தமிழிலும் ஒலித்தது. பண்டிதர் மு. நல்லதம்பி மொழிபெயர்த்த அந்தத் தமிழ்ப் பாட்டைத்தான் எங்கள் பிள்ளைகள் ஒவ்வொரு காலையும் பள்ளிக்கூடங்களில் பாடுகிறார்கள். 2020 இல் அது மேடையிலிருந்து இறக்கப்பட்டது. பொருள் ஒன்றுதானே, எம்மொழியில் பாடினால் என்ன என்று கேட்போர் உண்டு. அவ்வாறு கேட்பவர்களின் மொழி ஒருநாளும் மேடையிலிருந்து இறங்கியதில்லை.

தேநீர் ஆறிவிட்டது. கடைக்காரர் அதனைக் கொட்டிவிட்டு வேறொன்று ஊற்றித் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார். "சிலோன்லேர்ந்து ஆண்டவரைப் பார்க்க வந்தவங்க" என்று பக்கத்தில் நின்றவரிடம் என்னை அறிமுகப்படுத்தினார். சற்றுநேரத்தில் கூடு எங்களைக் கடந்து சென்றது. அதன் பின்னே நாகூர்வரை நடந்தேன். வயது காலை இழுத்தது. கூட்டம் முதுகைத் தள்ளியது. விடியுமுன் சந்தனம் பூசி முடிந்தது. காகிதத்தில் மடித்துத் தந்த ஒரு நகக்கண் அளவு சந்தனம் என் பங்கிற்குக் கிடைத்தது. உலகெங்கும் தொற்றுநோய் வந்து எல்லைகள் அடைபடுவதற்கு இன்னும் ஒரு மாத காலமே எஞ்சியிருந்தது என்பதை அன்று யார் அறிவார்!

ஊர் திரும்பிய மறுநாள் கல்முனைக்குடிக்குப் போனேன். கொடி இறக்கியாகிவிட்டது. மிட்டாய்க் கடைக்காரர்கள் பந்தற்கால்களைப் பிடுங்கிக்கொண்டிருந்தனர். பள்ளியின் அருகில் குடியிருக்கும் என் ராத்தாவிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்தேன். முழங்கால் வலியால் அவள் இவ்வாண்டு கொடியேற்றத்திற்கே போகவில்லையாம்.

"அங்கத்த கொடி நம்மட கொடியவிடப் பெரிசா தம்பி?" என்று கேட்டாள்.

மினாராவின் உயரத்தையும் மராட்டிய மன்னரின் வரலாற்றையும் சொல்லத் தொடங்கினேன். அவள் கேட்கவில்லை. காகிதத்தைப் பிரித்து முகர்ந்துகொண்டிருந்தாள்.