குருக்கள் ஐயாவுக்கு லண்டனை யார் காட்டுவது?

டிசம்பர் 21 ஆம் திகதி லண்டனில் சூரியன் உதிக்கக் காலை 8 மணியாகும். பின்னேரம் 4 மணிக்கு முதலே இருட்டிவிடும். ஜூன் 21 இல் விடியற்காலை 5 மணிக்கு முதலே சூரியன் வந்துவிடும். இரவு 9 மணி தாண்டித்தான் மறையும். எங்களுக்கு இது ஹீற்றரைப் போடுவதும் நிறுத்துவதுமான விஷயம். ஊரிலிருந்து பூசைக்கு வந்திருக்கும் இளம் குருக்களுக்கு அப்படியில்லை. காலை, மதியம், மாலை என்று சூரியனை வைத்துச் செய்யும் சந்தியாவந்தனத்தில்தான் அவருடைய நாளே நிற்கிறது. யாழ்ப்பாணத்திலோ கும்பகோணத்திலோ வருடம் முழுக்க ஏறத்தாழ ஒரே நேரத்தில் வந்த மூன்று வேளைகளும் இங்கே குளிர்காலத்தில் 8 மணித்தியாலத்துக்குள் சுருங்கிவிடும். கோடையில் 16 மணித்தியாலத்துக்கு மேல் நீளும்.

இதைப் பற்றி அவரிடம் எப்போதாவது கேட்டிருக்கிறோமா? அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்துப் பெயர், நட்சத்திரம் சொல்லி, விபூதி வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறோம்.

லண்டனில் கோயில் எழுப்பிய கதையை நாங்கள் பெருமையோடு சொல்வோம். 1981 இல் விம்பிள்டன் கணபதி, 1986 இல் ஹைகேற் முருகன், பிறகு ஈலிங் கனகதுர்க்கை, அல்பேர்ட்டன் ஈழபதீஸ்வரர், ஈஸ்ட்ஹாம் முருகன் என்று அது நீளும். பெருமைப்பட வேண்டிய கதைதான். ஆனால் உள்ளே நின்று பூசை செய்தவர்கள் இந்த ஊரில் எப்படி வாழ்ந்தார்கள் என்பது அதில் அநேகமாக இருக்காது.

பிரித்தானியக் குடிவரவுச் சட்டம் இவர்களை ஒரு தனிவகை வீசாவுக்குள் வைத்திருக்கிறது. பள்ளிவாசல் இமாம், தேவாலயப் போதகர், மிஷனரி, துறவி, கோயில் குருக்கள் எல்லோருக்கும் ஒரே வகைதான். குருக்கள் மதம் பரப்ப வந்தவர் அல்ல. ஆனாலும் ஒரு சமூகத்தின் வழிபாட்டுக்காக இளம் வயதில் தனியாக நாடு மாறி வந்தவர் என்ற வகையில் அந்த மிஷனரியின் பாடுதான் இவருடைய பாடும்.

முன்பு பல குருக்கள்மார் 2 வருடத் தற்காலிக வீசாவில் வந்து போனார்கள். 2019 ஜனவரியில் விதி மாறியது. வழிபாட்டை முன்னின்று நடத்துபவர் இனி நீண்டகால வீசாவில்தான் வரலாம். அதற்கு பி2 எனப்படும் தரத்தில் ஆங்கிலம் தேவை. பேசுவது மட்டும் போதாது, வாசிப்பு, எழுத்து, கேட்டல் நான்கிலும் சித்தியடைய வேண்டும். மதத்தலைவர்கள் இந்தச் சமூகத்தோடு கலந்து பழக வேண்டும் என்பதே அரசு சொன்ன காரணம். வேத பாடசாலையில் சிறு வயதிலிருந்தே கிரந்தமும் ஆகமமும் படித்தவருக்கு இது லேசான காரியமில்லை.

சரி, கஷ்டப்பட்டுச் சோதனை பாஸ் பண்ணி வந்துவிட்டார் என்று வைப்போம். பிறகு யாரோடு அவர் ஆங்கிலம் கதைக்கப் போகிறார்? கோயிலுக்குள் தமிழ். கோயிலோடு ஒட்டிய அறையில் தனிமை. நாங்கள் வந்திறங்கியபோது ஒரு மச்சானோ, சித்தியோ, ஊர்ப் பெடியனோ கூட்டிக்கொண்டு போய் ஒயிஸ்டர் கார்ட் எடுத்துத் தந்தார்கள்; ஜி.பி.யில் பதிந்தார்கள், வங்கிக் கணக்குத் திறக்க வழி சொன்னார்கள். ‘டேய், இந்த ஜக்கெற் இங்கத்தைக் குளிருக்குக் காணாது’ என்று பேசினார்கள். குருக்களை அப்படிப் பேச யார் இருக்கிறார்கள்? இருபத்துநாலு வயதுப் பிள்ளையை எல்லோரும் ‘ஐயா’ என்றுதான் கூப்பிடுவோம். அந்த மரியாதையே அவரைத் தனியாக்கிவிடுகிறது. ஆசாரம் பார்ப்பவரென்றால் வெளியில் சாப்பிடவும் முடியாது. பூசை முடிந்து வந்து தானே சமைக்க வேண்டும்.

லண்டன் மிஷனரி சங்கம் அனுப்பி 1838 இல் சென்னைக்கு வந்திறங்கிய ரொபேட் கால்டுவெல்லுக்கு அப்போது வயது 23. சென்னையில் மூன்று வருடம் போல இருந்து தமிழ் படித்த பிறகுதான் 1841 இல் திருநெல்வேலிப் பக்கம் இடையன்குடிக்குப் போனார். அந்தப் படிப்பின் தொடர்ச்சியாகத்தான் 1856 இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் வந்தது. 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் படித்து, தமிழிலேயே வைத்தியம் கற்பித்தார். மானிப்பாய் ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது. அவர்கள் எதற்காக வந்தார்கள் என்பதில் எங்களுக்குள் ஆயிரம் கருத்து இருக்கலாம். ஆனால் அனுப்பியவர்களுக்கு ஒன்று விளங்கியிருந்தது: போன இடத்தின் பாஷையும் பழக்கமும் பிடிபட ஒரு மனிதனுக்குக் காலம் வேண்டும், அந்தக் காலத்துக்குச் செலவு செய்ய வேண்டும். நாங்களோ விமானத்தால் இறங்கியவரை அடுத்த நாள் காலைப் பூசைக்கே நிறுத்திவிடுகிறோம்.

இதில் நட்டப்படுவது அவர் மட்டுமில்லை. இங்கே பிறந்த பிள்ளைகள் கோயிலுக்கு வந்து கேள்வி கேட்கிறார்கள். ‘ஏன் தேங்காய் உடைக்கிறோம்? ஏன் ஒன்பது கிரகத்தையும் சுற்ற வேண்டும்?’ பதில் தெரிந்த ஒருவர் அவர்களுக்கு முன்னாலேயே நிற்கிறார். அவர் தெரிந்ததைச் சொல்ல இந்த ஊர் ஆங்கிலம் வருவதில்லை. பிள்ளைகளுக்குக் கேட்கிற அளவுக்குத் தமிழ் வருவதில்லை. இரண்டு பக்கமும் சிரித்துவிட்டுப் போகிறார்கள். பிறகு ‘பிள்ளையள் கோயிலுக்கு வருகுதுகள் இல்லை’ என்று நாங்கள் கவலைப்படுகிறோம்.

கோயில் நிர்வாகங்களை வில்லனாக்குவது என் நோக்கமில்லை. அநேகமான இடங்களில் வேலைக்குப் போய்வந்த களைப்போடு சம்பளமில்லாமல் தொண்டு செய்கிறவர்கள்தான் நிர்வாகம். குருக்களைச் சொந்தப் பிள்ளை மாதிரிப் பார்க்கிற கோயில்களும் உண்டு. ஆனால் ஒருவரின் நல்ல மனதை நம்பி இன்னொருவரின் வாழ்க்கையை விடக்கூடாது. இந்த வீசா ஸ்பொன்சர் செய்த கோயிலோடு கட்டுப்பட்டது. வேலை போனால் பொதுவாக 60 நாளுக்குள் வேறு ஸ்பொன்சர் தேட வேண்டும், இல்லையென்றால் நாட்டை விட்டுப் போக வேண்டும். அப்படியிருக்கும்போது, ‘எனக்கு ஒரு நாள் லீவு வேணும்’ என்று வாய் திறக்க எந்தப் பெடியனுக்குத் துணிவு வரும்? சட்டத்தை நம்பலாம் என்றால், மதப்பணியாளர் ஓர் ஊழியரா இல்லையா என்பதே இந்த நாட்டில் வழக்காடி முடியாத கேள்வி. 2013 இல் மெதடிஸ்ட் திருச்சபைப் போதகர் ஒருவர் ஊழியர் அல்ல என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

ஆனால் இங்கிலாந்துத் திருச்சபை தனக்குத் தானே விதி எழுதிக்கொண்டது. 2009 ஆம் ஆண்டின் அந்த விதிகளின்படி அதன் குருமாருக்குக் கிழமைக்கு ஒருமுறை தொடர்ந்து 24 மணித்தியால ஓய்வும், முழுநேரமாகப் பணி செய்பவருக்கு வருடத்துக்கு 36 நாள் விடுமுறையும் உண்டு. ஞாயிறும் பெரிய திருநாள்களும் மட்டும் விலக்கு. வெள்ளிக்கிழமையும் தேரும் தவிர்த்து எங்கள் கோயில்களும் இப்படி ஒன்றை எழுதிக் கையெழுத்து வைக்க என்ன தடை?

அதோடு மூன்று காரியம் செய்யலாம். முதல் ஆறு மாதம் கிழமையில் இரண்டு நேரம் ஆங்கில வகுப்புக்குக் கோயில் செலவில் அனுப்பலாம். நிர்வாகத்தில் இல்லாத ஒரு குடும்பத்தை அவருக்குத் துணையாக வைக்கலாம். டொக்டரிடம் போகவும், மனம் விட்டுக் கதைக்கவும். மூன்றாவது, இங்கே வளர்ந்த பல்கலைக்கழகப் பிள்ளைகளுக்கான வேலை: மாதத்தில் ஒரு பின்னேரம் அவரோடு இருந்து நீங்கள் ஆங்கிலம் சொல்லிக் கொடுங்கள், உங்கள் கேள்விகளை அவரிடம் கேளுங்கள்.

அடுத்த வெள்ளி கோயிலுக்குப் போகும்போது அர்ச்சனைச் சீட்டை நீட்டுவதற்கு முதல், ‘ஐயா, குளிர் எப்படி? சாப்பிட்டீங்களா?’ என்று ஒருக்கால் கேட்டுப் பாருங்கள்.