ஐயத்துக்குரிய குருதி முடிவு: மறுபரிசோதனை செய்வதா, விடுவதா?

அமெரிக்காவில் புதிதாக மருத்துவக் காப்புறுதி பெற்றவர்களும், திருமணம் நிச்சயமாகும் தறுவாயில் இருப்பவர்களும், "இருக்கிற பரிசோதனை எல்லாவற்றையும் செய்துவிடுங்கள்" என்று வைத்தியரிடம் கேட்பது எம்மவரிடையே வழக்கமாகி வருகின்றது. நியூ ஜேர்சியில் தங்குமிடம் தேடிக்கொண்ட ஓர் இளைஞரை எண்ணிக்கொள்வோம். ஒரு வாரத்தின் பின் ஆய்வுகூடத்தின் தாள் வருகின்றது. இரண்டாம் வகை ஹேர்ப்பிஸ்: பொசிற்றிவ். அருகே 1.6 என்று ஓர் எண். உடலில் கொப்புளமோ புண்ணோ ஒருநாளும் வந்ததில்லை. வைத்தியர் ஒதுக்கிய ஐந்து நிமிடத்தில் அந்த எண்ணைப் பற்றிப் பேச்சே எழவில்லை. பெண் வீட்டாருக்குச் சொல்வதா, பேச்சை நிறுத்துவதா, மறுபடியும் குருதி கொடுப்பதா? இவற்றுள் மூன்றாவது கேள்விக்கு விடை காணாமல் முதலிரண்டையும் தொடக்கூடாது என்பதே எமது கருத்து.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். ஹேர்ப்பிஸ் வைரசில் இரண்டு வகை உண்டு. முதலாம் வகை பெரும்பாலும் சிறு வயதிலேயே, பெரியவர்கள் கொடுக்கும் முத்தத்தால் தொற்றி, பின்னர் உதட்டோரக் கொப்புளமாகத் தோன்றுவது. உலகில் 50 வயதுக்கு உட்பட்டோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினரிடம் அது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணித்துள்ளது. பாலுறவால் பரவும் இரண்டாம் வகையும் அரிதானதன்று. அமெரிக்காவில் 2015-2016 காலப்பகுதியில் 14 முதல் 49 வயது வரையுள்ளோரில் 11.9 வீதத்தினரிடம் அது காணப்பட்டது. அவர்களுள் மிகப் பலர் தமக்கு இருப்பதையே அறியாதவர்கள். எம்மவர் 'அக்கி' என்று சொல்வது கொப்புளிப்பானை உண்டாக்கும் வைரசால் வருவது. அது வேறு நோய். இரண்டையும் ஒன்றாக்கி அஞ்சுவோரை நாம் கண்டிருக்கின்றோம்.

இனி அந்த எண்ணுக்கு வருவோம். வழக்கமான குருதிப் பரிசோதனை வைரசைத் தேடுவதில்லை. வைரசுக்கு எதிராக உடல் உண்டாக்கிய பிறபொருளெதிரியைத் தேடுகின்றது. அதன் அளவை ஒரு சுட்டெண்ணாகத் தருகின்றது. 0.9க்குக் கீழ் இருப்பின் இல்லை, 1.1க்கு மேல் இருப்பின் உண்டு, இடைப்பட்டது ஐயத்துக்குரியது. ஆனால் 1.1க்குச் சற்று மேலே நிற்கும் எண்கள் பல வேளைகளில் பொய் சொல்கின்றன. இரண்டாம் வகை வைரசையே கண்டிராத குருதியிலும் வேறு பிறபொருளெதிரிகள் ஒட்டிக்கொண்டு 'உண்டு' என்று காட்டிவிடுகின்றன. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் 2021இல் வெளியிட்ட வழிகாட்டியில், சுட்டெண் 3.0க்குக் குறைவாயின் வேறொரு முறையால் உறுதிசெய்த பின்னரே முடிவு கூறவேண்டும் என்று எழுதியிருக்கின்றது. 2023 நவம்பரில் உணவு, மருந்து நிர்வாகமும் இப்பரிசோதனைகளில் தவறான பொசிற்றிவ் வரக்கூடும் என்று வைத்தியர்களையும் ஆய்வுகூடங்களையும் எச்சரித்தது.

அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு இன்னும் ஒரு படி மேலே சென்றது. நோய்க்குறி எதுவும் இல்லாதவர்களுக்கு இக்குருதிப் பரிசோதனையைச் செய்யவே வேண்டாம் என்று 2016இல் கூறி, 2023 பெப்ரவரியில் அதையே மீண்டும் உறுதிப்படுத்தியது. அவ்வாறு செய்தால் கிடைக்கும் பொசிற்றிவ் முடிவுகளில் ஏறத்தாழ இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கலாம் என்பது அதன் கணக்கு. "எல்லாவற்றையும் செய்துவிடுங்கள்" என்று கேட்கும்போது இதையும் நினைவிற் கொள்வது நன்று.

பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருந்த காலத்தில், எல்லைக்கோட்டில் நிற்கும் விடைத்தாளை இரண்டாவது பரீட்சகரிடம் கொடுப்போம். முதலாமவரிடமே திரும்பக் கொடுப்பதில்லை. அவர் முன்பு இட்ட புள்ளியையே இடுவார். இங்கும் நிலைமை அதுவே. அதே பரிசோதனையை அடுத்த வாரம் இன்னொரு ஆய்வுகூடத்தில் செய்வது மறுபரிசோதனை ஆகாது. மேற்படி வழிகாட்டி 'வெஸ்ரேண் புளொற்' போன்ற வேறு முறைகளைக் குறிப்பிடுகின்றது. அத்தகைய பரிசோதனை இப்போது எந்த ஆய்வுகூடத்தில் கிடைக்கும், கட்டணம் என்ன, காப்புறுதி ஏற்குமா என்பதை வைத்தியரிடமே கேட்டறிய வேண்டும். அண்மையில் தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் இருப்பின், அந்த நாளிலிருந்து 12 வாரங்கள் கழிந்த பின் கொடுக்கும் குருதியே நம்பத்தக்கது. 'ஐ.ஜி.எம்.' என்ற பெயரில் செய்யப்படும் பரிசோதனையை நம்பி எதையும் தீர்மானிக்க வேண்டாம். அதை வழிகாட்டியே விலக்குகின்றது.

எல்லோரும் மறுபடி குருதி கொடுக்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. புண் தோன்றியபோது அதிலிருந்து பஞ்சால் எடுத்த மாதிரியில் வைரசு கண்டுபிடிக்கப்பட்டிருந்தால் மேலும் ஐயுறுவது பணவிரயம். இப்போது புண் இருக்குமாயின் குருதியை விட அதையே உடனடியாகப் பரிசோதிப்பது சிறந்தது. காய்ந்துவிட்டால் வைரசு அகப்படாமலும் போகலாம். நோய்க்குறியே இல்லாமல், தாழ்ந்த சுட்டெண்ணுடன் தாளை வைத்துக்கொண்டு உறக்கமின்றி இருப்பவருக்குத்தான் இரண்டாவது பரிசோதனை இன்றியமையாதது.

குடும்பங்களில் நேரும் கொடுமை வேறு. மணமாகிப் பல ஆண்டுகள் சென்றபின் மனைவிக்கோ கணவனுக்கோ பொசிற்றிவ் வந்தால், மற்றவரின் ஒழுக்கத்தின் மேல் பழி விழுகின்றது. முடிவு மெய்யே என்று வைத்துக்கொண்டாலும், தொற்று எப்போது ஏற்பட்டது என்பதை அந்தத் தாள் கூறாது. ஆண்டுக்கணக்காக அறிகுறியின்றி உடலில் உறங்கும் வைரசு இது. பிரிவுக்கு அதனைச் சான்றாகக் காட்டுவது அநீதி. மெய்யாகவே தொற்று இருந்தாலும் மருந்து உண்டு: வலசிக்ளோவிரை நாள்தோறும் உட்கொண்டால் துணைவருக்குப் பரவும் வாய்ப்பு ஏறத்தாழ அரைவாசியாகக் குறைவதாக 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. கருவுற்ற பெண்கள் மட்டும் இவ்விடயத்தை மகப்பேற்று வைத்தியரிடம் மறைக்கலாகாது. சிசுவுக்கு ஆபத்து மிகுவது, பேறுகாலம் நெருங்கும் வேளையில் தாய்க்குப் புதிதாகத் தொற்றும்போதே. பழைய தொற்றுள்ள தாய்மாரில் ஆபத்து மிகக் குறைவு.

தஞ்சக் கோரிக்கை நிலுவையில் உள்ளவர்களின் அச்சத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். "இது கோப்பில் ஏறினால் வழக்குக் கெட்டுவிடுமா?" கெடாது. நிரந்தர வதிவிட உரிமைக்கு விண்ணப்பிக்கும்போது ஐ-693 படிவத்துக்காகச் செய்யப்படும் மருத்துவப் பரிசோதனையில் காசநோய், சிபிலிஸ், கொனோரியா ஆகியன பார்க்கப்படுகின்றன; ஹேர்ப்பிஸ் அந்தப் பட்டியலில் இல்லை. இந்த அச்சம் காரணமற்றதும் அன்று. எச்.ஐ.வி. தொற்றுடையோரை இந்நாடு 1987 முதல் தடுத்து வைத்திருந்தது. 2010 ஜனவரி 4ஆம் திகதிதான் அத்தடை நீங்கியது. ஒரு நோய்க்கான அந்நாளைய அச்சம் இன்று எல்லா நோய்க்கும் நீண்டுவிட்டது.

ரெக்சாஸில் இருப்போருக்கு இன்னொரு தடை. வைத்தியசாலைகள் 2024 நவம்பர் 1 முதல் நோயாளரின் குடிவரவு நிலையைக் கேட்டுப் பதியவேண்டும் என்று அம்மாநில ஆளுநர் உத்தரவிட்டார். பதில் சிகிச்சையைப் பாதிக்காது என்று நோயாளருக்கு அறிவிக்கவேண்டும் என்பதும் அதே உத்தரவில் உண்டு. வளைகுடாப் பகுதியில் வசிப்போருக்கு சான் பிரான்சிஸ்கோ மாநகரச் சுகாதாரத் திணைக்களம் நடத்தும் சிற்றி கிளினிக் இத்தகைய நோய்களுக்கென்றே உள்ளது. மொழிபெயர்ப்புக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லாதீர்கள். பதினான்கு வயது மகன் தந்தையின் அந்தரங்கத்தை ஆங்கிலத்தில் சொல்லி நிற்பதைப் போல வேதனை வேறில்லை. தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தருமாறு வைத்தியசாலையிடமே கேட்கலாம்.

வைத்தியரைக் காணச் செல்லுமுன் ஆய்வுகூடத் தாளின் பிரதியைக் கேட்டு வாங்கிவிடுங்கள். தொலைபேசியில் 'பொசிற்றிவ்' என்று சொல்பவர்கள் பெரும்பாலும் சுட்டெண்ணைச் சொல்வதில்லை. அது தாளில்தான் இருக்கும்.