கிராஷ் ரிப்போர்ட் அனுப்பாத வௌவால்

இந்த வார எபிசோடில் டேட்டா பயாஸ் பற்றிப் பேசினோம் இல்லையா? அதுக்கு நான் இருக்கிற பிரிட்டனிலிருந்தே ஒரு உதாரணம்.

இங்கே நாய்களிடம் ரேபிஸ் 1922-லேயே ஒழிந்துவிட்டது. ஆனா 2002-ல் ஸ்காட்லாந்தில், வௌவால்களோடு வேலை செய்த ஒருவர் ரேபிஸால் இறந்தார். காரணம், வௌவால்களிடம் இருக்கும் அதன் உறவுக்கார வைரஸ்.

இதை எப்படிக் கண்காணிக்கிறாங்க? செத்துக் கிடக்கும் வௌவால்களை மக்கள் அனுப்புவாங்க. வேபிரிட்ஜ் அரசு ஆய்வகம் மூளையைச் சோதிக்கும். நம்ம கிராஷ் ரிப்போர்ட் மாதிரிதான். சிக்கலும் அதேதான்: வீட்டுக் கூரையில் தங்கும் பிபிஸ்ட்ரெல் வகைதான் அதிகம் வந்து சேரும். ஸ்காட்லாந்தில் உயிரைப் பறித்த வைரஸைச் சுமப்பதோ டாபென்டன் வகை. அது ஆறு, குளத்தோரம் வாழ்வதால் மக்கள் கையில் கிடைப்பது குறைவு. பிபிஸ்ட்ரெல்லில் எத்தனை ‘நெகட்டிவ்’ வந்தாலும் டாபென்டன் பற்றி அது எதுவும் சொல்லாது.

அதனால் ஆய்வாளர்களே வலை விரித்துப் பிடித்து, எச்சிலும் ரத்தமும் எடுத்துட்டு விட்டதும் உண்டு. எச்சிலில் வைரஸ் இருந்தா, அது இப்போ பரப்பக்கூடிய நிலையில் இருக்கு. ரத்தத்தில் ஆன்டிபாடி மட்டும் இருந்தா, எப்பவோ வைரஸைச் சந்திச்சிருக்கு. பழைய லாக் மாதிரி.

எந்த நாட்டில் இருந்தாலும் சரி, விழுந்து கிடக்கும் வௌவாலை வெறுங்கையால் தொடாதீங்க. கடிச்சாலோ கீறினாலோ சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவிட்டு, அன்னிக்கே டாக்டரைப் பாருங்க. காயம் கண்ணுக்கே தெரியாம இருக்கலாம். அறிகுறி வந்தபிறகு தடுப்பூசி போட்டுப் பலன் இல்லை.