கல்லீரலுக்கு ஒரு மருந்து

எங்கள் தில்லி அலுவலகத்தில் நடைபெற்ற உடற்பரிசோதனையில் பலருக்கும் ஒரே குறிப்பு வந்தது: கல்லீரலில் கொழுப்பு. மதுவைத் தொட்டறியாத நண்பர் ஒருவர் அறிக்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மாத்திரையை எதிர்பார்த்துச் சென்ற அவருக்கு மருத்துவர் எழுதித் தந்ததோ நடைப்பயிற்சி. இத்தனை பேருக்கு வரும் நோய்க்கு மருந்து இல்லையா என்று நாங்கள் வியந்தோம். அதன் விடையை ஆய்வகங்களில்தான் தேட வேண்டும்.

தில்லி வசந்த் குஞ்சில், டாக்டர் சிவ் குமார் சரின் முதல் இயக்குநராக இருந்து வளர்த்த கல்லீரல், பித்தநீர் அறிவியல் நிறுவனம் மருத்துவமனையாகவும் ஆராய்ச்சிக் கூடமாகவும் விளங்குகிறது. கல்லீரல் ஆய்வாளரின் நாள்கள், நாம் எண்ணுவதுபோல் கண்டுபிடிப்புகளால் நிறைந்தவை அல்ல. எலிகளுக்குக் கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த தீனியை மாதக்கணக்கில் கொடுத்து நோயை வரவழைக்க வேண்டும், பிறகே மருந்து. அதன்பின் ஈரலை மெல்லிய சீவல்களாக்கிச் சாயமேற்றி நுண்ணோக்கியில் ஆராய்வர். கொழுப்புத் துளிகள் குறைந்தனவா? அழற்சி தணிந்ததா? தழும்பு நார்கள் பரவாமல் நின்றனவா? முறையான ஆய்வில், எந்தச் சீவல் மருந்துண்ட எலியினுடையது என்பதைப் பார்ப்பவருக்குச் சொல்லமாட்டார்கள். நம் தணிக்கையாளர்கள் இதைக் கேட்டால் மகிழ்வார்கள்.

இவ்வளவு செய்தும், எலியிடம் வென்ற மருந்து மனிதரிடம் தோற்பது சாதாரணம். எலிக்குச் சில மாதங்களில் வரவழைக்கும் நோய், மனிதரிடம் வலியின்றிப் பல ஆண்டுகளில் முற்றுவது. மனிதரிடம் ஓரளவு பயன் தந்த ஒபெட்டிகோலிக் அமிலத்தையும், அதன் தீங்குகளை எடைபோட்டு, 2023இல் அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு இந்நோய்க்கு ஏற்க மறுத்தது. ஆண்டுக்கணக்கான உழைப்பு ஒரு கடிதத்தில் நின்றுவிட்டது. அங்கே இந்நோய்க்கான முதல் மருந்தாக ரெஸ்மெட்டிரோம் அனுமதி பெற்றது 2024 மார்ச்சில்தான்.

நம் நாடு இதில் முந்திக்கொண்டது. அகமதாபாத்தின் சைடஸ் நிறுவனம் கண்டறிந்த சரோகிளிட்டசார், 2013இல் நீரிழிவு நோயாளிகளின் இரத்தக் கொழுப்பைக் குறைக்க விற்பனைக்கு வந்தது. 2020இல் கொழுப்பினால் அழற்சியுற்ற கல்லீரலுக்கும் இங்கே அனுமதி பெற்றது. எனினும், அறிக்கையில் கொழுப்பு என்று கண்டவர் எல்லோருக்கும் உரிய மாத்திரை அன்று இது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவரே முடிவுசெய்ய வேண்டும்.

உடல் எடையில் 10 விழுக்காடு குறைந்தால் அழற்சி தணிவதோடு, பலருக்குத் தழும்பும் பின்வாங்குகிறது. நம் நண்பரின் எடை 80 கிலோ. ஒரு மெட்ரோ நிலையம் முன்பே இறங்கி அலுவலகத்துக்கு நடந்து வருகிறார். இதுவரை மூன்று கிலோ குறைந்திருக்கிறது, ஐந்து பாக்கி.