யாழினியின் தங்கைக்கு என்ன பெயர்?

பெயரிடுதல் எளிய செயல் என்று எண்ணுகிறோம். குழந்தையைத் தொட்டிலில் இடுகிறோம். காதில் மும்முறை பெயரைச் சொல்கிறோம். வந்தவர்க்குச் சர்க்கரை வழங்குகிறோம். அத்துடன் கடமை முடிந்ததென மகிழ்கிறோம். உண்மையில் பெயரின் வாழ்வு அன்றுதான் தொடங்குகிறது. பெற்றோர் தேர்ந்தெடுத்த பெயரைப் பெற்றோரைவிட ஊராரே மிகுதியாக ஒலிக்கின்றனர். ஊரார் நாவில் நில்லாத பெயர் நாளடைவில் தேய்ந்து போகிறது.

எங்கள் வீட்டில் நேர்ந்ததையே சொல்கிறேன். பெங்களூரில் வாழும் என் தமக்கையார் எட்டு ஆண்டுகளுக்கு முன் தம் மூத்த மகளுக்கு யாழினி என்று பெயரிட்டார். இனிய பெயர், யாவரும் மகிழ்ந்தோம். பள்ளியில் சேர்த்த பிறகே இடர் தெரிந்தது. அவள் வகுப்பில் யாழினியர் மூவர்! ஓர் ஆசிரியை 'யாஜினி' என்றார். மற்றொருவர் 'யாசினி' என்றார். தோழியர் 'யாளினி' என்றனர். கேட்டுக் கேட்டுப் பழகிய குழந்தை, உன் பெயர் என்ன என்று யார் கேட்டாலும் 'யாசினி' என்றே விடையிறுக்கலானாள். அண்மையில் அவளுக்குத் தங்கை பிறந்தாள். பெயர் தேடும் பொறுப்பு, தமிழ் மன்றத்தில் இருக்கிறான் என்ற காரணத்தால், என்மேல் விழுந்தது. "பாப்பாவுக்கு மிஸ் சொல்ல வர்ற பேரா வைங்க மாமா" என்றாள் யாழினி. அந்த வேண்டுகோளே இக்கட்டுரைக்கு வித்து.

பெயர் ஏன் பெருகுகிறது?

பெயர்களுக்கும் பருவம் உண்டு. தெய்வப் பெயர்களும் முன்னோர் பெயர்களுமே வழங்கிய காலம் ஒன்று. 1916ஆம் ஆண்டளவில் தனித்தமிழ் இயக்கம் தோன்றியது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனார். வேதம் மறை ஆயிற்று. அசலம் மலை ஆயிற்று. பொருள் மாறவில்லை, சொல்லே மாறியது. அவ்வழியில் தமிழ்ச்செல்வியும் கயல்விழியும் மலர்விழியும் வீடுதோறும் தவழ்ந்தனர். கதைகளும் பெயர் தருகின்றன. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை தொடராக வெளிவந்தது. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் திரைப்படமாகவும் வந்தது. குந்தவையும் வானதியும் அதனால் மீண்டும் நம் செவிக்கு வந்தனர்.

யாழினி என்பது பழம்பெயர் போல் ஒலிப்பினும் அண்மைக் காலத்துப் படைப்பே. யாழ் என்னும் கருவியோ மிகப் பழையது. பேரியாழ் 21 நரம்புகளும் செங்கோட்டியாழ் 7 நரம்புகளும் கொண்டவை என உரையாசிரியர் கூறுவர். வழக்கொழிந்து போன அக்கருவியை ஆராய்ந்து விபுலாநந்த அடிகள் எழுதிய 'யாழ்நூல்' 1947இல் வெளிவந்தது. கருவி மறைந்தாலும் அதன் நினைவு மறையவில்லை. அந்நினைவுதான் இன்று பெண் குழந்தைகளின் பெயராகத் தளிர்க்கிறது.

இதில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் ஒன்றை உணர்தல் வேண்டும். அரிய பெயர் வேண்டும் என்று விரும்பும் பெற்றோர் அனைவரும் ஒரே காலத்தில் ஒரே கிணற்றில் நீர் இறைக்கின்றனர். ஆகவே அரியது பொதுவாகி விடுகிறது. வகுப்பில் மூன்று யாழினியர் அமர்வது இவ்வாறுதான்.

மூன்று எழுத்தில் வாழும் பெயர்

தமிழ்நாட்டில் ஒரு பெயர் தமிழிலும் ஆங்கிலத்திலும் வாழ்ந்தால் போதும். பெங்களூரிலோ வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், ஏட்டில் ஆங்கிலம் என மூன்றிலும் வாழ வேண்டும். பிறப்புச் சான்றிதழே இங்குக் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் தான் கிடைக்கிறது. நம் வீட்டுப் பெண்ணின் தமிழ்ப் பெயர் தமிழ் எழுத்தில் எழுதப்படும் இடம் வீட்டுச் சுவர் ஒன்றே என்னும் நிலை பலர்க்கும் உண்டு.

இங்கேதான் ழகரம் இடறுகிறது. "கன்னடத்தார்க்கு ழகரம் வராது" என்று சிலர் எள்ளி நகையாடுவர். அது அறியாமை. பழங்கன்னடத்தில் ழகரம் இருந்தது. அதற்கெனத் தனி எழுத்தும் இருந்தது. 13ஆம் நூற்றாண்டில் கேசிராசர் இயற்றிய 'சப்தமணிதர்ப்பணம்' என்னும் கன்னட இலக்கணம் அவ்வெழுத்தைப் பற்றிப் பேசுகிறது. காலப்போக்கில் அவ்வொலி பெரும்பாலும் ளகரமாயிற்று. நம் மழை அவர்க்கு மளெ. நம் கோழி அவர்க்குக் கோளி. நம் ஏழு அவர்க்கு ஏளு. ஆகவே கன்னடத் தோழி 'யாளினி' என்று அழைக்கும்போது பெயரைச் சிதைக்கவில்லை. தன் மொழியின் இயல்புப்படியே ஒலிக்கிறாள். தமிழ்நாட்டிலேயே 'வாளப்பளம்' என்போர் உளர் அன்றோ?

உண்மையான இடர் ஆங்கில எழுத்தால் வருவது. ழகரத்திற்கு நாம் ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளை இணைத்து எழுதுகிறோம். அவ்வழக்கத்தை அறியாதவர் அவற்றைக் கண்டபடி ஒலிக்கின்றனர். யாஜினியும் யாசினியும் அவ்வெழுத்துகளின் பிள்ளைகளே.

எதை விரும்பினோம்?

ஒரு பெயருக்கு மாற்றுத் தேடுவோர் முதலில் தம்மையே கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு: "இப்பெயரில் நாம் விரும்பியது எதனை?" பொருளையா, ஓசையையா, மரபையா? விடைக்கேற்ப வழி பிரியும்.

பொருளை விரும்பினால் அதே பொருள் தரும் வேறு சொல்லை நாடலாம். இதற்கு நம் கோயில்களே கருவூலம். ஒரே அம்மைக்கு வடமொழியில் ஒரு பெயரும் தமிழில் ஒரு பெயருமாக வழங்கும் தலங்கள் பல. மதுரை மீனாட்சி அங்கயற்கண்ணி ஆவாள். திருவையாற்றுத் தர்மசம்வர்த்தனி அறம்வளர்த்த நாயகி. நாகை நீலாயதாட்சி கருந்தடங்கண்ணி. நெல்லைக் காந்திமதி வடிவுடையம்மை. யாழின் இனிமையை விரும்புவோர்க்கு வேதாரணியத்து அம்மை இருக்கிறாள். அவள் யாழைப் பழித்த மொழியாள். யாழும் நாணும் இன்சொல் உடையவள். நெடும்பெயரை அப்படியே வைக்க வேண்டும் என்பதில்லை. அறம்வளர்த்த நாயகியிலிருந்து அறச்செல்வி பிறக்கலாம். வடிவுடையம்மையிலிருந்து வடிவு பிறக்கலாம்.

ஓசையை விரும்பினால் சங்கப் புலவர் வரிசையைப் பார்க்கலாம். அங்கே பெண்பாற் புலவர் பலர் உளர். நாமோ ஔவையார் ஒருவரோடு நின்றுவிடுகிறோம். குறமகள் இளவெயினி என்னும் புலவரின் பாடல் புறநானூற்றில் உள்ளது. யாழினி முடியும் ஓசையிலேயே இளவெயினியும் முடிகிறது. அள்ளூர் நன்முல்லையார் குறுந்தொகையில் பாடியவர். முல்லை என்னும் பெயர் பலர்க்கு உண்டு. நன்முல்லை என்று எத்தனை பேரை அறிவோம்? ஒரு முன்னடை சேர்ந்த அளவில் பொதுப்பெயர் அரும்பெயர் ஆகிவிடுகிறது.

ஆயினும் பழமை ஒன்றே தகுதி ஆகாது. நப்பசலையார் பெரும்புலவர், ஐயமில்லை. ஆனால் பசலை என்பது பிரிவுத் துயரால் மேனி நிறம் மாறுவது. அதைத் தொட்டிலில் இடுவானேன்?

மரபை விரும்பினாலோ தொலைவு செல்ல வேண்டியதில்லை. பேத்தி என்னும் சொல்லையே எண்ணிப் பாருங்கள். பெயரன் பேரன் ஆனான். பெயர்த்தி பேத்தி ஆனாள். பாட்டன் பாட்டியின் பெயரைத் தாங்குவோர் என்பதே பொருள். அரிய பெயரை அகராதியில் தேடுகிறோம். வீட்டுத் திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த பாட்டியின் பெயரை மறந்துவிடுகிறோம். ஒரு தலைமுறைக்கு முன் தெருவெங்கும் ஒலித்த பெயர்கள் இன்று அரும்பெயர்கள் ஆகிவிட்டன என்பது வியப்பன்றோ!

அண்டை வீட்டாரைக் கேளுங்கள்

பெங்களூரில் பெயர் வைப்பவர் மறவாமல் செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு. எண்ணிய பெயரைக் கன்னட நண்பர் ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். தமிழில் அல்லி நீர்ப்பூ; கன்னடத்தில் அல்லி என்றால் 'அங்கே' என்று பொருள். தமிழில் கொடி படரும். கன்னடத்தில் கொடி என்றால் 'கொடுங்கள்'. பூங்கொடியைப் பள்ளித் தோழியர் என்ன பாடு படுத்துவர் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ? யாழினிக்கு மாற்றாகப் பாடினி என்று நான் ஒரு பெயரை எடுத்தேன். பண்டைப் பாணர் குலத்துப் பாடல் மகளைக் குறிக்கும் அழகிய சொல் அது. ஆனால் 'பாடு' என்பது இன்றைய கன்னடத்தில் அவல நிலையைக் குறிக்கும் என்று என் அறை நண்பர் எச்சரித்தார். பாடுவதற்கு அவர்கள் சொல்வது 'ஹாடு'. அத்துடன் பாடினியை மடித்து வைத்தேன்.

ஆனால் அந்த ஹகரமே எனக்கு ஒரு வாயிலைத் திறந்தது. தமிழில் பகரம் முதலாக வரும் சொற்கள் பல, கன்னடத்தில் ஹகரமாக மாறியுள்ளன. பால் அவர்க்கு ஹாலு. பூ அவர்க்கு ஹூ. பொன் அவர்க்கு ஹொன்னு. 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மைசூரில் சிக்கதேவராய உடையார் அரண்மனையில் வாழ்ந்த பெண்புலவர் சஞ்சி ஹொன்னம்மா. 'ஹதிபதெய தர்மம்' என்னும் நூலை இயற்றியவர். அவர் பெயரைத் தமிழாக்கினால் என்ன வரும்? பொன்னம்மாள்! அதுவே எங்கள் பாட்டியின் பெயர்.

பொன்னம்மாளைச் சுருக்கினால் பொன்னி. பொன்னி என்பது காவிரியின் தமிழ்ப்பெயர். காவேரி என்று பெயர் சூடிய பெண்கள் இரு மாநிலத்திலும் எண்ணிறந்தோர். பொன்னியோ அரிது. நாம் பெங்களூரில் பருகுவது காவிரி நீர். அந்நீருக்காக இரு மாநிலங்களும் நெடுங்காலம் வழக்காடியதுண்டு. பெயருக்காக வழக்காட வேண்டியதில்லை.

காலம் இருக்கிறது

மருத்துவமனைப் படிவத்தில் உடனே பெயர் எழுத வேண்டுமே என்று பலர் பதறுவர். பதற்றம் தேவையில்லை. 1969ஆம் ஆண்டுப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டப்படி, பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவித்தல் வேண்டும். பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதியலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்திற்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம்; அதன் பின் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்துடன் சேர்க்கலாம்.

ஆனால் எழுதும்போது விழிப்பு வேண்டும். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் அவ்வாண்டு அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அன்றும் அதன் பின்னரும் பிறந்தோர்க்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம், அரசுப் பணி ஆகியவற்றில் பிறந்த நாளுக்கும் இடத்திற்கும் பிறப்புச் சான்றிதழே சான்றாகும். ஆகவே அதில் ஏறும் எழுத்துகள் வாழ்நாள் முழுதும் உடன் வரும். கன்னட எழுத்தையும் ஆங்கில எழுத்தையும் உரக்கப் படித்துக் கேட்ட பின்னரே ஒப்பம் இடுக.

முடிவு

எங்கள் வீட்டில் பொன்னி என்று முடிவாயிற்று. "அரிசியின் பெயராயிற்றே!" என்று அத்தான் நகைத்தார். "சோறிடும் பெயர்தானே, இருக்கட்டும்" என்றார் அம்மா. மாற்றுப் பெயர் தேடப் போன எனக்குக் கிடைத்தது எங்கள் வீட்டுப் பெயரே. அரிய பெயர் என்பது யாரும் கேளாத பெயர் அன்று. எல்லார்க்கும் விளங்கி, சிலர்க்கே வாய்த்த பெயர். வேரில் பழக்கமும் வழக்கில் அருமையும் உடையதே நல்ல மாற்று என்று நான் தெளிந்தேன்.

யாழினியின் பெயரை மாற்ற வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டாம். பெயரைக் கைவிடுவது எளிது, கற்பிப்பதே கடமை. நாவை மடித்து மேலே வளைத்து ழகரம் ஒலிக்கும் முறையை அவளுக்கு நாள்தோறும் சொல்லிக் கொடுத்தோம். ஒரு திங்கள் ஆயிற்று. இப்போது தங்கையின் தொட்டிலருகே நின்று, வருவோர்க்கெல்லாம் அவளே அறிமுகம் செய்கிறாள்: "இவ பொன்னி. நான் யாழினி."