புண் ஆற்றும் வல்லாரை

வாய்க்கால் ஓரங்களிலும் ஈரம் மிக்க வயல் வரப்புகளிலும் தரையோடு படர்ந்து வளர்வது வல்லாரை. நினைவாற்றலை வளர்க்கும் கீரை என்றே பலரும் இதனை அறிவர். புண்ணை ஆற்றும் மூலிகையாகவும் நம் நாட்டு மருத்துவத்தில் இது நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகிறது. அதன் காரணத்தை இன்றைய அறிவியல் விளக்குகின்றது.

உடலில் காயம் ஏற்படும்போது அங்குள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் அறுபடுகின்றன. அதனால் அவ்விடத்தில் பிராண வாயுவும் ஊட்டமும் குறைகின்றன. இக்குறையை உணரும் உயிரணுக்கள் ஒருவகைப் புரதத்தைச் சுரந்து, அருகிலுள்ள குழாய்களைக் கிளைவிடச் செய்கின்றன. வெட்டிய கிளையில் தளிர் அரும்புவது போலப் புதிய குழாய்கள் தோன்றிக் காயத்தினுள் பரவுகின்றன. ஆறிவரும் புண்ணில் சிவந்து காணப்படும் புதுத்தசை இக்குழாய்கள் நிறைந்ததே ஆகும். இவை தழைக்காவிடில் புண் ஆறாது.

இப்பணிக்குத் துணைபுரியும் ஆசியாட்டிகோசைடு என்னும் பொருள், மடகாஸ்கர் தீவில் விளைந்த வல்லாரையிலிருந்து 1941ஆம் ஆண்டு பிரித்தெடுக்கப்பட்டது. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிஞர்கள் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வில், இப்பொருளின் 0.2 சதவீதக் கரைசலை இட்ட கினிப்பன்றிகளின் காயங்களில் புதுத்தோலின் உறுதி 57 சதவீதம் மிகுந்திருந்தது. நீரிழிவு கொண்ட எலிகளின் காயங்களிலும் நற்பயன் தெரிந்தது. கோழிக் கருவின் சவ்வில் புதிய இரத்தக் குழாய்கள் தோன்றவும் இது தூண்டுதலாயிற்று.

எனினும், இவை தூய்மையாகப் பிரித்தெடுத்து அளவோடு இட்ட பொருளால் விளைந்த பயன்கள் என்பதை மறத்தலாகாது. பச்சிலையை அரைத்துத் திறந்த புண்ணில் வைத்தால், அதிலுள்ள மண்ணும் கிருமிகளும் உட்புகுந்து கேடு விளைவிக்கக்கூடும்.

நீரிழிவு உள்ள அன்பர்கள் இதில் மிகுந்த விழிப்புடன் இருத்தல் வேண்டும். அந்நோயால் கால் நரம்புகள் உணர்விழக்கக்கூடும். இரத்த ஓட்டமும் குறையக்கூடும். வெயிலில் சுடும் கற்தளத்தில் வெறுங்காலுடன் வலம் வரும்போது எழும் கொப்புளம்கூட அவர்களுக்குத் தெரியாமற் போகலாம். ஆகவே வெயில் ஏறுமுன் வலம் வருதல் நலம். இல்லம் திரும்பியதும் பாதங்களைக் கழுவி, ஈரத்தை ஒற்றியெடுத்து, உள்ளங்காலையும் விரலிடுக்குகளையும் நன்கு நோக்குதல் வேண்டும். சிறு காயமாயினும் அன்றே மருத்துவரிடம் காட்டுதல் காலைக் காக்கும்.

வல்லாரையைத் துவையலாக உணவில் சேர்த்துக்கொள்ளலாம். புண்ணுக்கோ மருத்துவர் தரும் மருந்தே ஏற்றது.